எகிப்துக்குப் போகாத வண்டு

சாரங்காவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கிவிடுவாள். ஜெர்மனியின் எஸன் நகரத்துப் பழைய நகைக் கடையொன்றில் அவள் வேலை பார்த்த ஆறு வருடங்களில் அந்தக் கண்ணாடி நிறையத் துடைக்கப்பட்டது.

கெல்சென்கிர்ச்சனில் வளர்ந்தவள். பள்ளிக்கூடம் முடிந்து, கூடப் படித்த தமிழ்ப் பிள்ளைகள் வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக, இவள் தெற்கே போர்ஸ்ஹைமுக்குப் போய் நகை செய்யப் பழகினாள். தலைமுறை தலைமுறையாக நகைத் தொழிற்சாலைகளால் பிழைத்த ஊர் அது. அங்கே படித்ததால், ஒரு பழைய நகையைத் திருப்பிப் பார்த்ததுமே அது எங்கே, ஏறக்குறைய எந்த வருடத்தில் செய்தது என்று அவளால் சொல்ல முடியும். கடை முதலாளி வெல்லர் அதற்காகத்தான் அவளை வேலைக்கு எடுத்தார். ஆனால் அவள் சொல்வதை நகையோடு வைக்கும் அட்டையில் எழுத அவருக்கு மனம் வராது.

எகிப்திய பாணி நகை வந்தால் சண்டை நிச்சயம். 1922இல் பழங்கால எகிப்திய அரசன் துத்தன்காமூனின் கல்லறை கண்டுபிடிக்கப்பட்டதும் ஐரோப்பாவுக்கு எகிப்துப் பைத்தியம் பிடித்தது. வண்டும் பாம்பும் இறக்கையும் வைத்த நகைகளை ஜெர்மன் தொழிற்சாலைகள் செய்து குவித்தன. வெல்லர் எல்லாவற்றுக்கும் ‘எகிப்திலிருந்து’ என்றே அட்டை எழுதுவார்.

போன வருடம் மார்ச்சில், எண்பத்திமூன்று வயதான பிரிங்க்மான் அம்மா நெஞ்சில் குத்தும் ஒரு புரோச்சை விற்றுத்தரச் சொல்லிக் கொண்டுவந்தார். இறந்துபோன தாயாருடையதாம். நடுவில் ஒரு வண்டு, அதன் தலைக்கு மேலே சிவப்புச் சூரியன், இரண்டு பக்கமும் நீலமும் பச்சையுமாக எனாமல் இறக்கைகள்.

“என் அப்பா கப்பலில் வேலை செய்தவர். எகிப்திலிருந்து அம்மாவுக்கு வாங்கி வந்தார்” என்றார் அவர், பெருமையாக.

“பார்த்தாலே தெரிகிறது” என்றார் வெல்லர்.

பிரிங்க்மான் அம்மா போன பிறகு சாரங்கா புரோச்சை லென்சின் கீழ் வைத்தாள். பின்பக்கத்தில் ஜெர்மனியில் வெள்ளிக்குக் குத்தும் முத்திரை. எகிப்திய எழுத்துகள் மாதிரிப் பொறித்திருந்தது வெறும் கிறுக்கல். இடது இறக்கையில் ஏழு இறகு, வலதில் ஆறு. முத்திரைக்குக் கீழே, கையால் கீறிய இரண்டு எழுத்துகள்: E. K. நகை வந்த பெட்டியின் துணியைத் தூக்கிப் பார்த்தபோது, அடியில் நாலாக மடித்த ஒரு கடதாசி இருந்தது. போர்ஸ்ஹைமில் ஒரு தொழிற்சாலை கொடுத்த வேலைச் சான்றிதழ். எல்ஸ்பெத் கிராவுஸ், எனாமல் பூசுபவர், 1927 முதல் 1931 வரை.

இறகு தவறியதால் கழித்துவிட்ட புரோச்சை, பூசிய பெண்ணே, பிரிங்க்மான் அம்மாவின் தாயே, வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாள்!

அன்று மாலை கணவன் பிரவீணனுக்குப் படத்தைக் காட்டினாள். அவன் பஸ் ஓட்டிவிட்டு வந்து களைத்துப்போய் இருந்தான்.

“உதென்னப்பா, சாணி உருட்டுற வண்டெல்லே? இதையே நெஞ்சிலை குத்திக்கொண்டு திரிஞ்சவை?”

“ஓம், அதே வண்டுதான். அது உருண்டையை உருட்டுறதைப் பாத்திட்டு, சூரியனையும் இப்பிடி ஒரு வண்டுதான் ஒவ்வொரு விடியலும் தள்ளிக்கொண்டு வருதெண்டு எகிப்துக்காரர் நம்பினவை. திரும்பப் பிறக்கிறதுக்கு அடையாளம். இறக்கை காவலுக்கு.”

“சரி, உதிலை உமக்கென்ன கோவம்?”

“அந்த அம்மான்ரை தாய் தன்ரை கையாலை செய்தது. வெல்லர் எகிப்தெண்டு எழுதப்போறார். என்னாலை பாத்துக்கொண்டிருக்க ஏலாது.”

அடுத்த நாள் அட்டையை அவளே எழுதினாள். மதியத்துக்குள் வெல்லர் அதைக் கிழித்துப் போட்டார். “தொழிற்சாலைப் பெண் கழிவிலிருந்து எடுத்த நகை என்று சொல்லி யாருக்கு விற்பாய்?” என்று கேட்டார். அவள் பிரிங்க்மான் அம்மாவுக்குப் போன் செய்து கடைக்கு வரச் சொன்னாள். சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தாள்.

அவர் வந்ததும், தாயாரே பூசி, தொழிற்சாலை கழித்துவிட்ட நகை இது என்று சாரங்கா சொன்னாள். அவர் சான்றிதழைத் தொடக்கூட இல்லை.

“என் அம்மா எந்தத் தொழிற்சாலைக்கும் போனதில்லை.”

“பெயரைப் பாருங்கள். அம்மாவின் கன்னிப் பெயர் கிராவுஸ்தானே?”

“அந்தப் பெயரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். நீ என் அம்மாவைத் திருடி என்கிறாயா?”

“கழித்த நகைகளை வேலைக்காரருக்கே கொடுப்பதும் உண்டு. அவர் எவ்வளவு நன்றாகப் பூசியிருக்கிறார் என்றுதான்...”

“உனக்கு என்ன தெரியும் எங்கள் குடும்பத்தைப் பற்றி?”

அவர் புரோச்சையும் பெட்டியையும் கைப்பையில் போட்டுக்கொண்டு வெளியேறினார். சான்றிதழ் மேசையிலேயே கிடந்தது. வெள்ளிக்கிழமை வெல்லர் அவளிடம் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். வாடிக்கையாளரை அவமதித்தாளாம். சாரங்கா அதை இரண்டு தரம் வாசித்தாள். உண்மையைச் சொன்னதற்கு இப்படியொரு பெயர் இருப்பது அவளுக்கு அதுவரை தெரியாது. ஜூனில் வேலையை விட்டுவிட்டு டோர்ட்முண்டில் ஒரு பட்டறையில் சேர்ந்தாள். அங்கே அறுந்த சங்கிலிகளை ஒட்டும் வேலை. கதை கேட்க யாரும் வருவதில்லை. சான்றிதழைப் பிரிங்க்மான் அம்மாவுக்குத் தபாலில் அனுப்பி வைத்தாள். பதில் வரவில்லை.

அக்டோபரில் ஒரு காலை, பிரிங்க்மான் அம்மா பட்டறைக்குப் போன் செய்தார். எப்படியோ தேடிப் பிடித்திருக்கிறார். முதியோர் இல்லத்துக்குப் போவதற்காக வீட்டைக் காலி செய்கிறாராம். பழைய படங்களுக்குள் ஒன்று: நீளமான மேசை, ஏழெட்டுப் பெண்கள், ஏப்ரன் கட்டிக்கொண்டு கையில் தூரிகையோடு.

“இரண்டாவதாக இருப்பது அம்மா” என்றார். “சிரித்துக்கொண்டிருக்கிறார். வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.”

சாரங்கா கையிலிருந்த சங்கிலியை மேசையில் வைத்தாள்.

“அந்தப் புரோச்சை நான் டுசல்டோர்ஃபில் ஒரு கடைக்கு விற்றுவிட்டேன். திரும்ப வாங்க முடியுமா?”

சாரங்காவுக்குக் கோபம் வந்தது. மார்ச்சில் இவர் ஒரு நிமிடம் காது கொடுத்திருந்தால்! ஆனாலும் மதிய இடைவேளையில் அந்தக் கடைக்குப் போன் செய்தாள். கோடையிலேயே விற்றுப்போனதாம். யாருக்கு என்று கேட்டாள்.

“சொல்ல முடியாது. தனிநபர் தகவல் பாதுகாப்பு.”

“அட்டையில் என்ன எழுதியிருந்தீர்கள்?”

“எகிப்து, மிகப் பழையது.”

கண்ணாடியைத் துடைத்துவிட்டு, வாங்கியவருக்குக் கொடுக்கச் சொல்லி அந்தக் கடைக்கு ஒரு கடிதம் எழுதினாள். எல்ஸ்பெத் கிராவுஸின் பெயர், வேலை செய்த வருடங்கள், மகளின் தொலைபேசி எண் எல்லாம் அதில் இருந்தன. கடை அதைக் கொடுத்ததா என்று தெரியாது. நவம்பரில் ஒருமுறை கேட்டபோது, முதலாளி விடுமுறையில் என்றார்கள். ஜனவரியில் கேட்டபோது, எந்தக் கடிதம் என்றார்கள். அவள் இன்னொரு பிரதி எடுத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினாள்.

பிரிங்க்மான் அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் அவளுக்குப் போன் செய்கிறார். “ஏதாவது வந்ததா?” என்பார். “இன்னும் இல்லை” என்பாள் சாரங்கா.