அம்மா வெட்டச் சொன்ன பதினேழு இடங்கள்

அம்மா இறந்த ஒன்பதாம் நாள், என் கல்யாண வீடியோவை டிவிடிக்கு மாற்ற உட்கார்ந்தேன். 2007 ஆவணியில் நடந்த கல்யாணம். பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறவர்களுக்கு அவள் நடமாடுவதைக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். புகைப்படம் என்று இருந்தது வாக்காளர் அட்டையில் உள்ளது ஒன்றுதான்.

மூன்று விசிடி. கோப்புகளைக் கணினியில் ஏற்றி, அம்மா வரும் இடங்களை மட்டும் வெட்டி எடுத்து, டிவிடி வடிவத்துக்கு மாற்றுவது திட்டம். கணினிப் பொறியாளனுக்கு அரை நாள் வேலை. இரண்டே முக்கால் மணி நேரப் படத்தை மூன்று முறை ஓட்டினேன். அம்மா எங்குமே இல்லை. மேடையில் பெற்றோர் இடத்தில் பெரியப்பாவும் பெரியம்மாவும் நின்றது எனக்குத் தெரியும். அப்பா இல்லாத வீட்டில் அதுதான் வழக்கம். ஆனால் பந்தியிலும் அவள் இல்லை. வாசலிலும் இல்லை. கோப்பு கெட்டிருக்குமோ என்று சரிபார்த்தேன். கெடவில்லை.

நான்கு வருடமாக நான் இதைக் கவனிக்கவில்லை.

அம்மா பெயர் ரத்தினம்மாள். திருமானூர்ப் பக்கம் கரும்பு டிராக்டர் கவிழ்ந்து அப்பா போனபோது அவளுக்கு இருபத்தாறு வயது, எனக்கு மூன்று. கரும்பு வெட்டினாள். பிறகு பள்ளிச் சத்துணவில் சமையல் உதவியாளர். நூற்றெண்பது பிள்ளைகளில் யார் முட்டையை மஞ்சள் கருவோடு தின்னமாட்டான் என்பதுவரை தெரியும். வாய்க்குப் பஞ்சமில்லாதவள். என் ஆபீஸ் நண்பர்கள் முன்னாலேயே, "நாள் முச்சூடும் பொட்டியப் பாத்துக்கிட்டு இருக்கறதுக்கா சம்பளம் குடுக்குறாங்க?" என்று கேட்டவள்.

அரியலூருக்குப் போனேன். வீடியோ எடுத்த அன்பழகன் அண்ணனிடம் ஒரிஜினல் டேப் கேட்டேன்.

"அம்மாவ நல்லாத்தான் எடுத்திருந்தேன் தம்பி. எடிட்டிங் அன்னைக்கு மொத பஸ்லயே வந்துட்டாங்க. பக்கத்துல உக்காந்துக்கிட்டு இங்க வெட்டு, இங்க வெட்டுன்னு பதினேழு எடம்."

ஏன் என்று கேட்டேன்.

"பொண்ணு வூட்டுல போட்டுப் பாப்பாங்களாம். தாலி கட்டுற கல்யாணத்துல தாலியறுத்தவ நிக்கிறாளேன்னு ஒரு வார்த்தை வந்துட்டா, நாளைக்கு எது நடந்தாலும் மருமவ தலையிலதான் விடியுமாம். ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாங்க."

நான் நின்றபடியே இருந்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

டேப்களில் வேறு கல்யாணங்கள் ஏறிவிட்டன. ஒரு டேப் நாலைந்து கல்யாணம் பார்க்கும். இருந்த டேப்கள் எல்லாவற்றையும் கடைசிவரை ஓட்டினோம். ஒன்றில் மட்டும் பின்னால் எடுத்த கல்யாணம் டேப் தீருமுன்பே முடிந்திருந்தது. அதற்கப்பால் அழியாமல் கிடந்தது பதினான்கு விநாடி.

சமையல் கொட்டகை. அம்மா சோற்றுக் கூடையைத் தூக்குகிறாள். வெளிச்சம் பட்டதும் ஒரு கையால் முகத்தை மறைக்கிறாள். "என்னய எதுக்குப்பா எடுக்குற? போய் எம்புள்ளய எடு." கையை இறக்கும்போது சிரிக்கிறாள்.

வீட்டுக்கு வந்து அதை மாற்றினேன். என் மனைவி கவிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்காக வெட்டப்பட்டது என்பது அவளுக்கும் அன்றுதான் தெரியும். காரியத்தன்று இதைப் போடலாமா என்று கேட்டேன்.

"போடுங்க," என்றாள். "எங்க அப்பா அம்மாவ முன்னாடி உக்கார வச்சுப் போடுங்க."

டிவிடியில் எழுதி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.