மரியப்பன் வாங்காத லைசென்சு

காரைக்குடி தபாலாபீசில் முப்பத்தோரு வருடம் முத்திரை குத்தி ஓய்வுபெற்றவர் மரியப்பன். வீட்டு ரேடியோவுக்கெல்லாம் லைசென்சு புத்தகம் இருந்த காலத்தில், வருடா வருடம் அதைப் புதுப்பித்துக் கொடுத்ததும் அவர்தான். எண்பதுகளில் அந்த லைசென்சை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் ரேடியோ பற்றி எந்தச் சந்தேகம் வந்தாலும் தெருவில் அவரைத்தான் கேட்பார்கள். மனிதருக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. அந்தப் பெருமைதான் 1995இல் அவர் காலை வாரிவிட்டது.

வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் கூட்டத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கொடி பிடித்து முன்னால் போனவர் அவர். மனைவி லூசியாவுக்கு முழங்கால் வலி, எப்போதும் கடைசியில்தான் வருவாள். முந்தின வருடம் அவள் தலைசுற்றி விழுந்தது அவருக்கு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. அந்தப் பயம் வருடம் முழுக்க அவரை அரித்தது. சிங்கப்பூரிலிருந்து மகன் பெனோ இரண்டு வாக்கி டாக்கி கொண்டுவந்தபோது, மாதாவே அனுப்பியதாக நினைத்துக்கொண்டார்.

“இதுக்கு லைசென்சு எதுவும் வேணுமாப்பா?” என்று பெனோ கேட்டான்.

“அதைத்தான் எப்பவோ எடுத்துட்டாங்களேடா. எனக்குத் தெரியாத சட்டமா?”

நடை தொடங்கியது. முன்னாலிருந்து இவர், “லூசியா, கேக்குதா?” என்பார். கரகரப்புக்கு நடுவே அவள் குரல் வரும்: “கேக்குது, கேக்குது. தண்ணி குடிச்சீகளா?” கூட்டமே சிரிக்கும். கல்யாணமான புதிதில்கூட அவர்கள் அவ்வளவு பேசியதில்லை. அந்த இரண்டு நாளை நினைத்தால் இன்றும் அவர் முகம் மலர்ந்துவிடும்.

அறந்தாங்கி தாண்டி, கையிலிருந்த வாக்கி டாக்கியைப் பார்த்துப் போலீஸ் மறித்தது. மரியப்பன் தன் சர்வீசையும், ரேடியோ லைசென்சு ரத்தான கதையையும் எடுத்துச் சொன்னார். சப்-இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார்.

“அது பாட்டுக் கேக்குற ரேடியோவுக்குங்கய்யா. இது பேசுற கருவி. கையில வச்சிருக்கவே டெல்லியில லைசென்ஸ் வாங்கணும்.”

வயதைப் பார்த்து, எழுதி மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். கருவிகள் போயின. சர்வீசில் ஒரு கரும்புள்ளிகூட வாங்காத மனிதர், நடுரோட்டில் நின்று கையெழுத்துப் போட்டார். அவமானம் ஒரு பக்கம். இன்னும் நாலு நாள் நடை இருக்கிறதே, லூசியாவுக்கு ஒன்று என்றால் யார் சொல்வார்கள்? கூட்டம் கொடிக்காகக் காத்து நின்றது. கொடியைப் பின்னால் நடந்துவந்த மருதுவிடம் கொடுத்துவிட்டு, ஒரு புளியமரத்தடியில் நின்றுகொண்டார்.

கடைசியில் வந்த லூசியா திகைத்தாள். “என்ன, இங்குட்டு நிக்கிறீக? கொடி எங்க?”

“மருதுட்ட குடுத்துட்டேன். நட.”

நடந்தார்கள். பத்துத் தப்படிக்கு ஒருமுறை அவள் நின்றாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, வலி அடங்கிய பிறகு மறுபடி காலெடுத்து வைத்தாள்.

“எப்பவும் இப்படித்தானா?”

“எப்பவும் இப்படித்தான்.”

“ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“நீங்கதான் கொடியோட அம்புட்டுத் தூரத்துல போயிக்கிட்டு இருந்தீகளே.”

மரியப்பனுக்குக் கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் கொடியைத் தொடவில்லை. லூசியா இன்னும் மூன்று வருடம்தான் நடந்தாள். மூன்று வருடமும் அவள் பக்கத்திலேயே நடந்தார்.