ஸ்டவ் ரிப்பேர்க்காரரின் காது

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வார்ப்புக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்தது அவர் விட்டுப்போன ஸ்டூல். இரும்பு வார்ப்புகளைச் சின்னச் சுத்தியலால் தட்டிக் கேட்க வேண்டும். ஓசை மழுங்கினால் உள்ளே விரிசல் என்று அர்த்தம். சிவப்பு பெயிண்ட் பூசி ஒதுக்கிவிட வேண்டும். பதினேழு வருஷம் அதைச் செய்தவர், நிரந்தர வேலையை உதறிவிட்டு மேனாம்பேட்டில் ஸ்டவ் ரிப்பேர் கடை போட்டிருந்தார். கேண்டீனில் அவரைப் பைத்தியம் என்றார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பம்ப் ஸ்டவ்வை அவரிடம் கொண்டுபோனேன். ஒல்லியான மனிதர், முழங்கை வரை கரி. ஸ்டவ்வைக் காதருகே தூக்கி, தலையைச் சாய்த்துத் தட்டினார். ஓசை மழுங்கலாகத்தான் வந்தது.

"இதைத் தூக்கிப் போட வேண்டியதுதானே, அண்ணாத்தே?" என்றேன்.

"எந்தக் கம்பெனி நீ?"

சொன்னேன். சிரித்துவிட்டார்.

"அந்த ஸ்டூல்ல குந்திக்கினு எத்தத் தூக்கிப் போடலாம்னே கேட்டுகினு இருந்தேன் நைனா. அப்பால ஊட்ல புள்ள பேசுனாக்கூட அதுல இன்னா கொறைன்னு காது தேட ஆரம்பிச்சிச்சு. பயந்துட்டேன். இப்பவும் அதே காதுதான். எங்க ஈயம் வெச்சா ஒழுகாதுன்னு கேக்குது."

சம்பளம் போதாமல் வேலையை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். காதைக் காப்பாற்றிக்கொள்ள விட்டவர் அவர் ஒருவர்தான்.

வீட்டில் மனைவி ஸ்டவ்வைப் பற்றவைத்து, "புதுசு மாதிரி எரியுதுங்க" என்றாள்.

"சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி" என்றேன்.

அந்த ஸ்டூலில் எனக்கு அது மூன்றாவது மாதம்.