எட்டாம் நம்பருக்கு நான் சொல்லிக்கொடுத்த பதில்

ராணுவ அதிகாரியாக வேண்டும் என்று இரண்டு தடவை பெங்களூருக்குப் போய், இரண்டு தடவையும் பெட்டியோடு திரும்பி வந்தவன் நான். அப்படிப்பட்டவன் பிறகு ஆறு வருஷம், ஞாயிற்றுக்கிழமைதோறும் பசுமலையில் ஒரு வகுப்பறையில் உட்கார்ந்துகொண்டு, அதே தேர்வுக்குப் போகிறவர்களை நேர்காணல் செய்து பழக்கினான் என்றால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கே வரும்.

எழுபதுகளின் நடுவில் நான் போனபோது அந்தத் தேர்வு ஐந்து நாள் நடந்தது. போய் இறங்கியதுமே பெயரை வாங்கி வைத்துக்கொண்டு நம்பரைக் கொடுத்துவிடுவார்கள். வெள்ளைத் துணியில் கறுப்பு எண். நெஞ்சிலும் முதுகிலும் தெரிகிற மாதிரி நாடாவால் கட்டிக்கொள்ள வேண்டும். கடைசி நாள் எல்லோரையும் ஒரு கூடத்தில் உட்காரவைத்து, அதிகாரி ஒருவர் வந்து தேறியவர்களின் நம்பரை மட்டும் வாசிப்பார். நாற்பது பேர் இருந்தால் மூன்று நம்பர் வாசிப்பார், மிஞ்சிப்போனால் நான்கு. மற்றவர்கள் துணியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு வண்டி ஏற வேண்டியதுதான். என் நம்பர் முதல் தடவை பதினேழு, அடுத்த தடவை முப்பத்தொன்று. இரண்டையும் அவர்கள் வாசிக்கவில்லை.

மதுரைக்கு வந்து இன்சூரன்ஸ் ஆபீஸில் கிளார்க் ஆனேன். கல்யாணமும் ஆயிற்று. ஆனாலும் ஆசை போகவில்லை. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் போகும்போது யாராவது அதிகாரி பச்சை உடுப்போடு இறங்கி நடந்தால், அவர் கண்ணுக்கு மறைகிறவரை அப்படியே நிற்பேன். "நீங்க என்னயக் கட்டிருக்க வேணாம், அந்தச் சட்டையவே கட்டிருக்கலாம்" என்பாள் என் மனைவி. விளையாட்டாகச் சொல்வாள். ஆனால் பாதி நிஜம்.

திருப்பரங்குன்றத்தில் ஓய்வுபெற்ற மேஜர் ஒருவர் இருந்தார். அவருக்கு ஒரே ஒரு கோபம். "நம்ம பயலுக சல்யூட் அடிக்கிறதுக்குத்தேன் போறாய்ங்க. வாங்குற எடத்துக்கு எவனும் போக மாட்டேங்கிறான்" என்பார். அந்தக் கோபத்தில் பசுமலைப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமைக்கு மைதானத்தையும் ஒரு வகுப்பறையையும் கேட்டு வாங்கி, கயிறு, பலகை, காலித் தார் டின் எல்லாவற்றையும் சேர்த்து இலவசமாகப் பயிற்சி தொடங்கிவிட்டார். மைதானத்தை அவர் பார்த்துக்கொண்டார். நேர்காணலுக்கு ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். நான் தோற்றவனாயிற்றே என்றேன்.

"ரெண்டு தடவ விழுந்தவனுக்குத்தான் எங்க பள்ளம் இருக்குன்னு தெரியும். பேசாம வாங்க" என்றார்.

போனேன். நேர்காணல் செய்கிற கர்னல் உட்காரும் நாற்காலியில், பொய்யாகவாவது, உட்காரக் கிடைத்ததே என்றுதான் போனேன். மேஜர் அங்கேயும் பெயர்களை எடுத்துவிட்டு நம்பர்தான் வைத்திருந்தார். அவருடைய வீட்டம்மா பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்துக் கொடுத்த துணிகள். அதனால் இந்தக் கதையில் யார் பெயரும் வராது.

இரண்டாம் வருஷம் வந்தவன் எட்டாம் நம்பர். உசிலம்பட்டி ரோட்டில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஒரு கிராமம். பி.எஸ்ஸி. முடித்திருந்தான். எழுத்துத் தேர்வில் தேறி நேர்காணலுக்குக் கடிதமும் வந்திருந்தது. ஆனால் இந்தத் தடவை போனால்தான் உண்டு. அடுத்த தடவைக்கு வயது தாண்டிவிடும்.

முதல் ஞாயிறு மைதானத்தில் எட்டுப் பேர் ஒரு பலகையையும் கயிற்றையும் வைத்துக்கொண்டு, கோடு போட்ட 'ஆற்றை'த் தாண்ட வேண்டும். ஏழு பேரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். இவன் கொஞ்ச நேரம் இடத்தை மட்டும் பார்த்தான். பிறகு பலகையின் ஒரு நுனியைத் தூக்கி, எதிரில் நின்றவனிடம் கண்ணாலேயே ஒன்று சொன்னான். ஐந்து நிமிஷத்தில் எல்லோரும் அந்தப் பக்கம் நின்றார்கள். மேஜர் என் காதோரம் வந்து, "இவன் போயிருவான் சார். அந்த இன்டர்வியூவ மட்டும் நீங்க சரி பண்ணி விடுங்க" என்றார். அவனை என்னிடம் ஒப்படைத்தது அப்படித்தான்.

சரி பண்ண நிறைய இருந்தது. கேள்வி கேட்டால் எழுந்து நின்றுவிடுவான். உட்காரச் சொன்னால் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொள்வான். கண்ணைப் பார்த்துப் பேசவைக்க மூன்று ஞாயிறு ஆயிற்று. ராணுவத்துக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்டதற்கு மட்டும் தயங்காமல் பதில் சொன்னான்.

"அங்க நம்பரச் சொல்லித்தேன் கூப்புடுவாகளாம்ணே. எந்தத் தெருன்னு யாரும் கேக்க மாட்டாகளாம்."

நாலாவது ஞாயிறு, வழக்கமான கேள்வி ஒன்றைக் கேட்டேன்: உயிருக்கு ஆபத்தான நேரத்தில் நீங்கள் எடுத்த ஒரு முடிவைச் சொல்லுங்கள். பொதுவாக எல்லோரும் இதற்குக் கிணற்றில் விழுந்த குழந்தையைக் காப்பாற்றியதாகச் சொல்வார்கள். அந்த வகுப்பறையில் மட்டும் மதுரை ஜில்லாக் கிணறுகளிலிருந்து இருபது குழந்தைகளாவது கரையேறியிருக்கும்.  எட்டாம் நம்பர் ஆங்கிலத்தை விட்டுவிட்டுச் சொல்லத் தொடங்கினான்.

"எங்க அப்பா நீர்பாய்ச்சிண்ணே. கண்மாய்த் தண்ணிய வயலுக்கு வயல் முறை வச்சு விடுறது எங்க வீட்டு வேல. ஒரு வருசம் ஐப்பசியில மழ விடாம ஊத்தி, கண்மாய் ததும்பிப் போச்சு. மடையத் தொறந்தாத்தேன் கர நிக்கும். பழைய காலத்து மடை. முங்கிப் போயி அடியில இருக்க அடைப்பக் கையாலதேன் எடுக்கணும். அப்பாவுக்குக் காய்ச்ச. நான் எறங்குனேன். இடுப்புல கயித்தக் கட்டி, கரையில பத்துப் பேரப் பிடிக்கச் சொல்லிட்டு முங்குனேன். மூணாவது முங்குலதேன் எடுத்தேன். அடைப்பு வந்த ஒடனே தண்ணி நம்மளயும் சேத்து இழுக்கும்ணே. அதுக்குத்தேன் கயிறு."

"அப்ப உனக்கு என்ன வயசு?"

"பதினேழு. அதக்கூடச் செஞ்சிரலாம்ணே. தண்ணி இல்லாத வருசந்தேன் கஷ்டம். மேமடைக்காரக மறிச்சு நிப்பாக, கடைமடைக்காரக அருவாளத் தூக்கிட்டு வருவாக. நடுவுல நானும் அப்பாவும் மம்பட்டியோட நிக்கணும். யாருக்கும் பயந்து முறைய மாத்தக் கூடாது."

ஓர் அதிகாரிக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று இன்றைக்கு யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். அன்றைக்கு எனக்குத் தோன்றியது வேறு. எங்கள் குடும்பத்துக்கும் மேற்கே நஞ்சை உண்டு. அறுப்பு முடிந்த அன்று எங்கள் நீர்பாய்ச்சி களத்தின் ஓரத்தில், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார். அவர் பங்குக் கதிர்க்கட்டை என் சித்தப்பா தரையில் போடுவார். கையில் கொடுக்க மாட்டார். அந்த மனிதர் தண்ணீருக்கு அடியில் என்ன செய்தார் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அந்தக் களத்தோரத்து ஆளாக எட்டாம் நம்பர் கர்னல் முன்னால் போய் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். உடம்பு கூசியது. அவனுடைய நல்லதுக்காகக் கூசுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

"இதெல்லாம் அங்க போயிச் சொல்லிராத" என்றேன். "அப்பா என்ன பண்றார்னு கேட்டா விவசாயம். அம்புட்டுத்தான். மடை, கண்மாய்னு வாயே தொறக்காத."

"ஏண்ணே?"

"அவங்கள்லாம் வேற மாதிரி ஆளுங்க. எளக்காரமா நெனப்பாங்க."

"சரிண்ணே" என்றான். அவனுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. ஊருக்கு வெளியே அதைப் பேசாமல் இருப்பது அவனுக்கும் பழக்கம்தானே.

அந்த இடத்தில் வேறெதையாவது வைக்க வேண்டும். என் கேமராவை வைத்தேன். என் கேமரா என்றால், என்னிடம் கேமரா கிடையாது. நான் போன இரண்டு தடவையும் பொழுதுபோக்கு போட்டோகிராபி என்று பெருமையாக எழுதிக் கொடுத்து, இரண்டு தடவையும் அதிலேயே மாட்டிக்கொண்டவன். திரும்பி வந்த பிறகு வெறி பிடித்தவன் மாதிரி டவுன்ஹால் ரோட்டில் ஒரு ஸ்டுடியோக்காரரைப் பிடித்து, லென்ஸ் என்ன, வெளிச்சம் என்ன, பிலிம் என்ன என்று எல்லாக் கேள்விக்கும் பதில் படித்து வைத்திருந்தேன். அத்தனை பதிலும் எனக்குள் சும்மா கிடந்தன. எல்லாவற்றையும் எட்டாம் நம்பருக்குக் கொடுத்தேன். அவன் கெட்டிக்காரன், இரண்டு ஞாயிற்றில் என்னைவிட நன்றாகச் சொன்னான். என் பதில்கள் என் வாயால் உள்ளே போகாவிட்டாலும் அவன் வாயாலாவது போகட்டும் என்றிருந்தது. அப்படி ஒரு ஆசை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

பெங்களூர் பஸ்ஸில் அவனை நான்தான் ஏற்றிவிட்டேன். என் டையை அவன் கழுத்தில் கட்டிப் பழக்கி, அவிழ்க்காமல் அப்படியே தலை வழியாகக் கழற்றிப் பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். அந்த ஐந்து நாளும் ஆபீஸில் நான் பாலிசி பார்த்த லட்சணம் எனக்குத்தான் தெரியும். இப்போது படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்லியிருப்பார்கள், இப்போது மைதானத்துக்குக் கூட்டிப்போயிருப்பார்கள் என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி நாள் காலையில் அந்தக் கூடத்தில் நானே உட்கார்ந்திருந்தேன். அங்கே அவனுக்கு வேறு நம்பர்தான் கொடுத்திருப்பார்கள்; ஆனாலும் அதிகாரியின் வாயிலிருந்து "எட்டு" என்ற சொல் வருவதை எத்தனை தடவை கேட்டேன் என்று சொல்ல முடியாது.

அடுத்த ஞாயிறு காலை எட்டாம் நம்பர் பசுமலைக்கு வந்தான். மைதானத்தைக் கடந்து அவன் வந்த நடையிலேயே தெரிந்துவிட்டது. மேஜர் கையிலிருந்த கயிற்றை விட்டுவிட்டு என்னோடு உள்ளே வந்தார்.

"கர்னலு கேமராவப் பத்தி நல்லாக் கேட்டாருண்ணே. நீங்க சொன்னது அம்புட்டயும் சொன்னேன்" என்றான். "அப்பறம் மதுரன்னதும், ஒங்க பக்கம் எங்க பாத்தாலும் கண்மாயாருக்கே, அதுல தண்ணிய எப்புடிப் பங்கு வைக்கிறாக, மடைய யாரு தொறக்குறாகன்னு கேட்டாரு. அவருக்கு அதுல ரொம்ப ஆச போல. நாக்காலிய முன்னால இழுத்துப் போட்டுக் கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"தெரியாதுன்னேன்."

மேஜர் என்னைப் பார்த்தார். எட்டாம் நம்பர் தொடர்ந்து சொன்னான். "விவசாயி மகன்ங்கிற, ஒன் வயலுக்குத் தண்ணி எங்கிருந்து வருதுன்னு தெரியாதான்னாரு. தெரியாதுன்னேன். மூணு தடவ மாத்தி மாத்திக் கேட்டாருண்ணே. நீங்க சொல்லிருந்தீகல்ல."

அவன் குறையாகச் சொல்லவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டு வந்தவன் மாதிரி சொன்னான். அதுதான் தாங்க முடியவில்லை. மேஜர் வெளியே போய், சுற்றியிருந்த கயிற்றையே பிரித்து மறுபடி சுற்றிக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். வேறு வேலை, பேங்க் பரீட்சை என்று எதையோ. அவன் குறுக்கே, "அண்ணே, அந்தக் கேள்விய நீங்க ஒரு தடவ கேளுங்கண்ணே" என்றான்.

வெளியே போனான். கதவைத் தட்டினான். "மே ஐ கம் இன், ஸார்?" என்றான். வந்து உட்கார்ந்தான். நுனியில் இல்லை, நன்றாகச் சாய்ந்து நிமிர்ந்து, என் கண்ணைப் பார்த்தபடி. நான் கர்னல் கேட்ட கேள்வியைக் கேட்டேன். உங்கள் ஊரில் கண்மாய் மடையை யார் திறப்பார்கள்?

"மை ஃபாதர், ஸார். அண்ட் ஐ" என்று தொடங்கினான்.

இருபது நிமிஷம் பேசினான். முழுக்க ஆங்கிலத்தில். தப்பும் தவறுமாக, ஆனால் ஓர் இடத்திலும் நிற்காமல். தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று அப்பா எப்படிக் கணக்குப் பார்ப்பார், எத்தனை நாளைக்கு வரும் என்று எப்படிச் சொல்வார், வறட்சியில் எந்த வயலை முதலில் விடுவது, அரிவாளோடு வருகிறவனிடம் எந்தக் குரலில் பேசுவது, தண்ணீருக்கு அடியில் கண் தெரியாதபோது கை எப்படித் தேடும் என்று எல்லாம் சொன்னான். அந்த அறையில் நான் கேட்ட பதில்களிலேயே அதுதான் பதில். நான் தேர்வு அதிகாரியாக இருக்க வேண்டும் என்று வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, என் நம்பருக்காக இல்லாமல், உண்மையாக ஆசைப்பட்டேன். ஆனால் நான் இன்சூரன்ஸ் கிளார்க்.

முடித்ததும் பழைய குரலுக்கு வந்தான். "இதச் சொல்லிருந்தா எடுத்துருப்பாகளாண்ணே?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவனுக்கு மனசு லேசாகும், எனக்கும் ஆகும். ஆனால் ஏற்கெனவே ஒரு பொய்யை அவனுக்குக் கட்டிக் கொடுத்து அனுப்பியிருந்தேன்.

"எடுத்திருப்பாங்கப்பா" என்றேன்.

கோபப்படுவான், அழுவான் என்று நினைத்தேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப அப்பாட்டப் போயிச் சொல்றேண்ணே."

"என்னன்னு சொல்லுவ?"

"நீ பாக்குறது ஆபீசர் வேலதேன்யான்னு சொல்றேன். நீங்க சொன்னீகன்னு சொல்றேன். வாரேண்ணே."

போய்விட்டான். அதன் பிறகு யார் வந்தாலும், வீட்டில் என்ன வேலை, நீ அதில் என்ன செய்வாய் என்பதைத்தான் முதலில் கேட்டேன். மூன்று பேர் அதைச் சொல்லியே தேறினார்கள். உடுப்போடு படம் எடுத்து அனுப்பினார்கள். மேஜர் அவற்றைச் சுவரில் மாட்டினார். வாரேன் என்று சொல்லிப் போனவன் மட்டும் வரவில்லை. அடுத்த நான்கு வருஷமும் நான் நாற்காலியைக் கதவுக்கு நேராகப் போட்டுத்தான் உட்கார்ந்தேன்.