பதினேழாம் வீடு காலி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவது வரைதான் படிப்பு. அதற்குப் பிறகு பிள்ளைகளுக்குக் கடுதாசி எழுதியதோடு சரி. நடந்ததில் பாதி மறந்தும் போயிற்று. முன்னே நடந்ததைப் பின்னே எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் முனிசிபாலிட்டி ஆனதைப் பற்றி ஒரு மலர் போடுகிறோம், பழைய ஆட்கள் எழுதிக் கொடுங்கள் என்று வந்து கேட்டார்கள். ஊர்க் கதையைப் பெரிய மனிதர்கள் எழுதுவார்கள். எனக்குத் தெரிந்தது எங்கள் வீட்டுக் கதை மட்டும்தான். யார் பேரும் போட மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

அப்போது திண்டிவனத்துக்குப் பஞ்சாயத்து போர்டுதான். விழுப்புரத்தில் முனிசிபாலிட்டி இருந்தது. அது ஊர்ப் பெரியவர்களுக்குப் பொறுக்கவில்லை. "பட்டணத்து ரயிலு நம்மளத் தாண்டித்தானே அங்க போவுது, நமக்கு இன்னா கொறைச்சல்?" என்று மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், பேசிக்கொள்வார்கள். மகஜர் எழுதி அனுப்பினார்கள். தலைக்கணக்கு போதாது என்று பதில் வந்ததாம். அதனால், அதுவரை ஊரில் சேர்த்தியா இல்லையா என்று யாரும் கேட்டிராத எங்கள் ஏரிக்கரைத் தெருவையும் சேர்த்து எழுதிக்கொள்ளத் தீர்மானித்தார்கள். கூலிக்காரர்களின் தெரு. இருபது இருபத்திரண்டு குடிசைகள் இருக்கும், எல்லாம் புறம்போக்கில் போட்டவை. ஒருவரிடமும் பட்டா கிடையாது.

எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வீட்டில் நானும் மாமியாரும்தான். என் வீட்டுக்காரர் விழுப்புரத்தில் ரயில் இன்ஜின் ஷெட்டில் கரி அள்ளும் வேலையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை வருவார், மறுநாள் காலை வண்டிக்குப் போய்விடுவார்.

ஒரு மத்தியானம் தெருப் பெண்கள் எல்லாரும் புளியமரத்தடியில் உட்கார்ந்து மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தோம். ஆண்கள் மண்டியில் மூட்டை தூக்கப் போயிருந்தார்கள். போர்டு குமாஸ்தா கையில் நீளமான காகிதத்தோடு வந்து நின்றார்.

"வூட்டு வூட்டுக்கும் தலைவர் பேரு சொல்லுங்கம்மா. ஜல்தி."

முதலில் இருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்தவள் முந்தானையைக் கடித்தாள். எங்கள் பக்கம் புருஷன் பேரைப் பெண்கள் சொல்வதில்லை. சொன்னால் அவருடைய ஆயுசு குறையும் என்று பயம்.

"ஏம்மா, இன்னா சிரிப்பு? பேருதானே கேட்டேன்?"

"மலை மேல மயிலு வச்சிக்கினு நிக்கிறாரே, அவரு பேருங்க" என்றாள் ஒருத்தி.

"எங்க ஊட்டுக்காரரு கொழுக்கட்டை தின்ற சாமி."

குமாஸ்தா தலையில் கை வைத்துக்கொண்டார். "கவர்ன்மென்ட்டுக்கு நான் மகஜர் எழுதறதா, விடுகதை எழுதறதா? பெரிய பேஜாராப் போச்சு. எழுதத் தெரிஞ்சவ யாரானா கீறீங்களா?"

எல்லாரும் என்னைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள். எனக்கு அந்நிய ஆளோடு பேசிப் பழக்கமில்லை. அவர் காகிதத்தையும் பென்சிலையும் என்னிடம் கொடுத்து, நாளைக் காலையில் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் போனதும் வேலை சுலபமாக முடிந்தது. இவள் புருஷன் பேரை அவள் சொல்வாள், அவள் புருஷன் பேரை இவள் சொல்வாள். நான் எழுதிக்கொண்டே போனேன். பதினேழாவது வீடு எங்களுடையது. எதிர்வீட்டுக்காரி என் வீட்டுக்காரர் பேரை உரக்கச் சொல்லி, "எழுதேன்டி, நான்தானே சொல்றேன்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். என் கை ஓடவில்லை. வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும். எழுதினால் அப்படியே இருக்குமே, யார் காலிலாவது மிதிபடுமே என்று ஒரு பயம்.

மாமியாரைப் பார்த்தேன். அவராவது பெற்ற பிள்ளையின் பேரைச் சொல்லலாம் என்று நினைப்பீர்கள். அதுவும் முடியாது. மூத்த பிள்ளைக்குப் பாட்டன் பேரை வைப்பது வழக்கம். அது என் மாமியாருக்கு மாமனார் பேர், அதையும் பெண்கள் சொல்வதில்லை. பெற்ற பிள்ளையை அவர் நைனா என்றுதான் கூப்பிடுவார்.

"எழுதாதே, பொண்ணே" என்றார் மாமியார். "அந்தப் பேருல நம்ம கை படவேணாம். ஞாயித்துக்கிழமை நைனா வந்து அவனே எழுதட்டும்."

அந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற வீடுகளை எழுதி முடித்தேன். காலையில் குமாஸ்தா வந்து காகிதத்தைப் பார்க்காமலே மடித்துக்கொண்டு போனார். ஒரு இடம் பாக்கி இருக்கிறது என்று சொல்ல வாய் எழவில்லை. அவரே கேட்பார் என்று இருந்துவிட்டேன்.

கேட்கவில்லை. அடுத்த வாரத்தில் ஒரு நாள் காலை போர்டு பியூன் தார் டப்பாவும் தார் பூச ஒரு மட்டையும் எடுத்துக்கொண்டு வந்து சுவருக்குச் சுவர் நம்பர் போட்டுக்கொண்டே வந்தார். வியாழக்கிழமை மேலே இருந்து அதிகாரி வந்து ஊரைப் பார்க்கப் போகிறார், அதற்குள் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டுமாம். பதினாறு போட்டார். எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்ப் பதினெட்டு போட்டார்.

"ஏம்பா, இந்த ஊடு கண்ணுக்குத் தெரியலையா?" என்று மாமியார் வாசலில் வந்து நின்றார்.

"பதினேழு காலின்னு போட்டிருக்குது, ஆயா. ஆளில்லாத குடிசைய எடுத்துட்டு இங்கதான் விளக்குக் கம்பம் நடப்போறாங்க. புதன்கிழமை ஆளுங்க வருவாங்க."

"ஆளில்லையா? அப்ப நான் இன்னா பேயா?"

"என் மேல ஏன் கோவிச்சிக்கிறே? காயிதத்துல இருக்கிறதச் சொல்றேன். ஊட்டுக்காரரு வந்து போர்டு ஆபீசுல பேரு எழுதிக் குடுத்தா மாத்துவாங்க."

மாமியார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அந்தக் குடிசைக்கு மண் குழைத்தது அவரும் செத்துப்போன மாமனாரும். சுவரில் கையை வைத்துக்கொண்டே நின்றார். அன்றைக்குத் திங்கட்கிழமை. என் வீட்டுக்காரர் காலையில்தான் வண்டி ஏறியிருந்தார். சண்டாளி நான், நேற்றே அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் வந்த சந்தோஷத்தில் எனக்கும் மறந்தது, மாமியாருக்கும் மறந்தது. மாமியாருக்கு முட்டிவலி, நடக்க முடியாது. நான்தான் போக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை பாசஞ்சரில் தனியாக ஏறினேன். அதுதான் முதல் தடவை. மயிலம், விக்கிரவாண்டி என்று ஒவ்வொரு ஸ்டேஷன் பேரையும் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே போனேன், தாண்டிப் போய்விடக் கூடாதே என்று. விழுப்புரத்தில் இறங்கிக் கேட்டுக் கேட்டு இன்ஜின் ஷெட்டைக் கண்டுபிடித்துவிட்டேன். கேட்டில் ஒரு வாட்ச்மேன் இருந்தார்.

"யாரு வேணும்?"

"எங்க ஊட்டுக்காரரு."

"உள்ள இருக்கிறவன் எல்லாம் எவளோ ஒருத்திக்கு ஊட்டுக்காரன்தான். பேரு இன்னா?"

நான் தரையைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. நல்ல மனிதர். ஆள் வரிசை எழுதின நோட்டை எடுத்து, "நான் படிச்சிக்கினே வர்றேன், உன் ஆளு வந்தா தலைய ஆட்டு" என்றார். ஒரு பேர் வந்ததும் ஆட்டினேன். "உன் பொஞ்சாதி வந்திருக்கா" என்று அவர் உள்ளே குரல் கொடுத்தார். சிறிது நேரத்தில் நரைத்த மீசையோடு ஒரு கிழவர் வேகமாக வந்தார்.

"இவதானா? யாரு தாயி நீ?" என்று கிழவர் என்னையும் வாட்ச்மேனையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்க ஊட்டுக் கெழவிக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவா."

வாட்ச்மேன் சிரித்துச் சிரித்து இருமினார். "அந்தப் பேருல ரெண்டு பேரு கீறாங்கம்மா. அப்பன் பேரு சொல்லு."

அப்பன் என்றால் என் மாமனார். அந்தப் பேரையும் நான் சொல்லக் கூடாது! உட்கார்ந்து அழலாம் போலிருந்தது. மாமியார் சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றது கண்ணில் வந்தது. கீழே ஒரு கரித்துண்டு கிடந்தது. அதை எடுத்து வாசல் பக்கத்துச் சுவரில் மாமனார் பேரை எழுதினேன். அதற்குக் கீழே என் வீட்டுக்காரர் பேரையும் எழுதிவிட்டேன். எழுத்து ஏறி இறங்கிப் போயிற்று.

ஒன்றும் ஆகவில்லை. உள்ளே ஒரு இன்ஜின் பெருமூச்சு விட்டது. அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் வந்தார். அவருக்கு எதுவும் ஆகவில்லை என்று தலையிலிருந்து கால்வரை பார்த்துக்கொண்டேன். அவர் சுவரைப் பார்த்தார்.

"யாரு எழுதனது?"

கையை நீட்டினேன். என் விரலில் கரி இருந்தது. விஷயம் முழுவதையும் சொன்னேன். கரி அப்பின முகத்தில் பல் மட்டும் தெரியச் சிரித்தார்.

"இந்த வாரம் லீவு குடுக்க மாட்டாங்க. கரி வண்டி வந்துகினே இருக்குது. செவுத்துல எழுதின கை காயிதத்துல எழுதாதா? போ, நானே சொன்னேன்னு சொல்லு அம்மாகிட்ட."

புதன்கிழமை விடிந்ததும் நானும் மாமியாரும் போர்டு ஆபீசுக்குப் போனோம். முட்டிவலியோடு அவரும் நடந்தே வந்தார். குமாஸ்தா எங்களைப் பார்த்ததும், "காலி ஊட்டுலேர்ந்து ரெண்டு பேரு வந்திருக்கீங்களா?" என்றார். ஆனாலும் காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். பதினேழுக்கு எதிரே, நான் விட்டுவைத்த இடத்தில், மையில் காலி என்று எழுதியிருந்தது. அதை அவரே அடித்தார். பேனாவை என் கையில் கொடுத்தார்.

மாமியார் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். காதையும் பொத்திக்கொண்டார், எழுதுவது காதில் விழும் என்பதுபோல.

"ஆச்சா?"

"ஆச்சுங்க அத்தே."

"அழகா எழுதினியா? கோணலாப் போடாதே. எங்க மாமனாரு பேரு அது."

நேராகத்தான் எழுதியிருந்தேன். கரியில் எழுதிப் பழகியது கை கொடுத்தது.

அன்றைக்கே பியூன் வந்து பதினேழு போட்டார். மாமியார் தாரில் விரலை வைத்துப் பார்த்து, காயவில்லையே, அழிந்துவிடுமோ என்று சாயங்காலம் வரை வாசலிலேயே காவல் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத்தான் இரண்டு பேரும் வயிறாரக் கேப்பைக் களி தின்றோம். திங்கட்கிழமையிலிருந்து இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். எங்கள் தெருவுக்குள் வரவே இல்லை. தெருமுனையில் கார் நின்றது. காகிதத்தைப் பார்த்தார், நம்பர்களைப் பார்த்தார், போய்விட்டார். இவ்வளவுக்கா இந்தப் பாடு என்று நான் நினைக்கவில்லை. போனாரே, அது போதும் என்றிருந்தது.

விளக்குக் கம்பத்தை எதிர்ச்சாரியில் நட்டார்கள். அதன் வெளிச்சம் நேராக எங்கள் வாசலில் விழுந்தது. "பேரு குடுத்ததுக்கு வெளிச்சம் குடுத்துட்டாங்க பாத்தியா" என்பார் மாமியார். ஞாயிற்றுக்கிழமை வந்த என் வீட்டுக்காரர் நம்பரைத் தடவிப் பார்த்தார். அப்புறம் நல்ல ஆயுசோடு இருந்து பேரப்பிள்ளைகளையும் பார்த்தார். எனக்கு அதில்தான் பெரிய நிம்மதி.

அந்தத் தடவை முனிசிபாலிட்டி கொடுக்கவில்லை. வெகுகாலம் கழித்துத்தான் கொடுத்தார்கள். எந்த வருஷம் என்று எனக்கு நிச்சயமில்லை. இது நடந்தது யுத்தத்துக்கு முன்னே என்பது நிச்சயம். யுத்தத்தின்போதுதான் அரிசிக்குக் கூப்பன் கார்டு வந்தது; அது அப்போதே இருந்திருந்தால், அதில் இருக்கும் பேரைக் காட்டியே தப்பித்திருப்பேன்.

மலர் போடுகிறவர்கள் வருஷத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். வந்த அதிகாரி தாசில்தாரா, அவருக்கும் மேலா என்று விசாரியுங்கள். கிழமையிலும் சந்தேகம் இருக்கிறது. பழைய மகஜர்க் கட்டு எங்காவது கிடைத்தால் ஏரிக்கரைத் தெருவில் பதினேழாம் வீட்டை யாராவது பார்த்துச் சொல்லுங்கள். காலி என்பதை அடித்து, பக்கத்தில் ஒரு பேர் இருக்க வேண்டும். அது என்ன பேர் என்று என்னைக் கேட்காதீர்கள், அதிலேயே நேராக எழுதியிருக்கிறேன்.