ஃபுட்போர்டில் இரண்டு டின்கள்

ஐம்பதுகளின் கடைசியில், புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து மனைவியையும் பிறந்த பெண் குழந்தையையும் ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துவர வாடகைக் கார் ஒன்று அமர்த்தினேன். யுத்தத்துக்கு முந்தைய வண்டி. இடப்பக்கக் கதவுக்குக் கீழே, கால் வைத்து ஏறும் ஃபுட்போர்டில், இரும்புச் சட்டத்துக்குள் ஒரே மாதிரி இரண்டு சதுர டின்கள். எதையும் எண்ணிப் பார்க்கும் பழக்கத்தில், ஏறுவதற்கு முன் இருமுறை எண்ணினேன்.

"முன்னெல்லாம் பங்க் ஏதுங்க? கடையில சீல் வெச்ச டின்னுலதான் பெட்ரோல்," என்றார் டிரைவர். பங்க் வந்த பிறகும் அவர் டின்களை விடவில்லை. முன்னால் இருப்பதில் ரேடியேட்டருக்குத் தண்ணீர், பின்னால் இருப்பதில் பெட்ரோல்.

காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் பெட்ரோல் வாசனை மூன்று முறை வந்தது. கேட்டேன்.

"பழைய வண்டி, அப்படித்தாங்க மணக்கும்."

வீட்டு வாசலில் அக்கா ஆரத்தித் தட்டோடு நின்றாள். சிவப்பு நீரின் மேல் வெற்றிலை, அதில் கற்பூரம் எரிந்தது. "தையல் போட்ட உடம்பு, அவ இறங்கி நிக்க வேணாம். உக்காந்தபடியே சுத்திடறேன்," என்று கார்க் கதவருகே வந்துவிட்டாள்.

அப்போதுதான் பார்த்தேன். முன் டின் சொட்டிக்கொண்டிருந்தது. ஃபுட்போர்டு முழுக்க ஈரம்.

"அது தண்ணிங்க," என்றார் டிரைவர்.

விரலால் தொட்டேன். ஜில்லென்றது, உடனே உலர்ந்துவிட்டது. தண்ணீர் அப்படி உலராது.

"அக்கா, பின்னால போ!"

"பொண்ணு பொறந்ததுக்கே இப்படி நடுங்கறியே, இவ கல்யாணத்தை எப்படிடா பண்ணுவ?" என்று சிரித்தபடி தட்டை உயர்த்தினாள். என் மனைவியின் மடியில் குழந்தை தூங்கியது. தட்டைப் பின்னுக்கு இழுத்து, வெற்றிலையோடு கற்பூரத்தைச் சிவப்பு நீருக்குள் அழுத்தினேன். உள்ளங்கை பொரிந்தது.

"ஆரத்தியை அணைப்பாங்களாடா பாவி! கொழந்தைக்கு ஆகாதேடா!" அக்கா அழுதேவிட்டாள்.

டிரைவர் குனிந்து மோந்து பார்த்தார். முகம் வெளுத்தது. "காலைல டின்னை மாத்தி மாட்டிட்டேன் போலிருக்குங்க," என்றார், எனக்கு மட்டும் கேட்கும் குரலில். மனைவியை மறுபக்கக் கதவு வழியாக இறக்கினோம். இன்ஜினைத் தொடாமல் வண்டியைத் தெருக்கோடிவரை தள்ளிக்கொண்டு போனார்.

அக்காவிடம் எல்லாம் சொன்னேன். தலையாட்டினாள். ஆனாலும் அதன் பிறகு குழந்தை இருமினால் முதலில் என்னைத்தான் பார்ப்பாள். நான் அவளைவிடப் பயந்துபோய், அடுத்த இருமல் வருகிறதா என்று எண்ணிக்கொண்டிருப்பேன்.