இரவு மாத்திரை

ஜெயிலுக்குப் போனது என் வீட்டுக்காரர். திருடி மாதிரி முழித்துக்கொண்டு திரிந்தது நான்.

தேயிலைத் தோட்டத்துக் காலைப் பெரட்டில் ஆள்களை நிறுத்தி வேலை பிரிக்கும்போது, மேற்பார்க்கிற கண்டாக்கோடு அவருக்கு வாய்த் தகராறு வந்தது. அடிக்கவில்லை. நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார், அவ்வளவுதான். அந்த மனுஷன் வழுக்கித் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்து கையை முறித்துக்கொண்டார். மத்தியானத்துக்குள் பொலிஸ் வந்தது. மறுநாள் கோர்ட்டில் பதினான்கு நாள் ரிமாண்ட் என்றார்கள். எங்கள் லயத்து வீடுகளில் ஆளாளுக்கு வக்கீல், பிணை என்று பேசினார்கள். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. அவருக்குச் சீனி வருத்தம், சர்க்கரை வியாதி. மாத்திரை எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது, ஆள் மலைக்குக் கீழே ஜெயிலில் இருக்கிறார். என் கவலையெல்லாம் அது ஒன்றுதான்.

அக்கரப்பத்தனையில் முதல் பஸ்ஸைப் பிடித்து, அட்டனில் மாறி, ஜெயில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. கிளினிக்கில் தந்த காகிதப் பையோடு மாத்திரையை நீட்டினேன். வாசலில் நின்ற காவலர் பையைத் திறந்து முகர்ந்து பார்த்தார். பெயர் இல்லாத மாத்திரையை உள்ளே விட முடியாது, டொக்டர் மருந்து எழுதுகிற கிளினிக் கொப்பியைக் கொண்டுவா என்று சிங்களத்தில் சொன்னார்.

“ஐயா, அஞ்சு நாளா அவரு மாத்திரை போடல” என்றேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அழக்கூடத் தெரியவில்லை.

“கொப்பி” என்றார் அவர் மறுபடியும். நியாயம்தான். ஆனால் அன்று அவரைத் திட்டாத திட்டு இல்லை, மனசுக்குள்.

மறுநாளும் லீவு சொல்லிவிட்டுக் கொப்பியோடு போனேன். இந்த முறை உள்ளே மருந்து அறையைப் பார்க்கும் ஆண் நர்ஸ், எல்லோரும் நர்ஸ் மாத்தியா என்று மரியாதையாகக் கூப்பிடுகிறவர், வாசல் ஆபீசுக்கே வந்தார். சிங்களவர். ஒரு காலத்தில் மலைநாட்டு ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்தவராம், தட்டுத்தடுமாறித் தமிழ் பேசினார். டொக்டர் வாரத்தில் சில நாள்தான் வருவார், மற்ற நேரம் எல்லாம் தான் ஒருவன்தான் என்றார். கொப்பியைப் புரட்டிப் பார்த்துத் தன் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, கொப்பியைத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

“காலையில ரெண்டு, ராவைக்கு ரெண்டு. இங்க இருக்குற மருந்து இன்னைக்கே குடுக்குறது. நீங்க பயப்பட வேணாம்.”

கும்பிட்டுவிட்டு வந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம்கூடக் கிடைத்தது. கண்ணை மூடித் தூங்கப் போனவள், நடு வழியில் விருட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். ராவைக்கு ரெண்டு! ஐயோ, அது என்னுடையதல்லவா?

அதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் சீனி. மூன்று வருஷத்துக்கு மேல். நான் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் பிள்ளைகளைப் பார்க்கிறவள். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் விடியற்காலையில் கொண்டுவந்து விடுகிற குழந்தைகளை வைத்திருக்க என்னை விட்டால் ஆள் இல்லை. கிளினிக்கோ செவ்வாய்க்கிழமை. விடியுமுன் போனால் பின்னேரம்தான் வர முடியும். அதனால் அவர் மட்டும் போவார். வாங்கி வந்ததைப் பங்கு போட்டுக்கொள்வோம். காலை மாத்திரை அவருக்கு, இரவு மாத்திரை எனக்கு. ஆரம்பத்தில் வேளைக்கு ஒன்றுதான். பாதி மருந்தில் அவருக்கு எப்படிச் சீனி இறங்கும்? இறங்கவில்லை என்று டொக்டர் இரண்டாகக் கூட்டி எழுதினார். கூட்டி எழுதியதையும் பங்கு போட்டோம். “எல்லாம் ஒழுங்காக் குடிக்கிறீங்களா?” என்று டொக்டர் கேட்கும்போதெல்லாம் இவர் தலையை ஆட்டிவிட்டு வருவார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த குடும்பம் நாங்கள்.

இப்போது கொப்பியில் இருக்கிற பொய் முழுவதையும் நானே கொண்டுபோய் ஜெயிலில் கொடுத்துவிட்டேன். அந்த நர்ஸ் மாத்தியாவும் நல்லவராக இருந்து தொலைத்தார், எழுதியபடியே கொடுப்பார். ஜெயில் சோறு இவருக்கு இறங்காது. அரை வயிற்றில் இரட்டிப்பு மாத்திரை. சாப்பிடாமல் மாத்திரை போட்டுவிட்டு வேர்த்து விறுவிறுத்துத் தேயிலைச் செடிக்குள் சுருண்டு விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மலையில் விழுந்தால் தூக்க நாலு பேர் ஓடி வருவார்கள். அங்கே இரவில் விழுந்தால், தூங்குகிறான் என்று விட்டுவிட மாட்டார்களா?

பக்கத்து வீட்டு அக்காவிடம் மட்டும் சொன்னேன்.

“வாயத் தொறக்காத” என்றாள். “தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க? கொப்பியில இருக்கிற மருந்த ஆள் மாறித் தின்னதுன்னு தெரிஞ்சா கிளினிக்குல ரெண்டு பேரையும் வெரட்டி விட்ருவாங்க.”

மறுபடி லீவு கேட்கப் பயந்து சனிக்கிழமை வரை காத்திருந்தேன். அந்தச் சில நாளும் ஒரு குழந்தை அழுதால் தூக்குகிறேன், தூக்கியது எதற்கு என்று மறந்துவிடுகிறேன். வாசலில் திருப்பித் தந்த பை வீட்டில்தான் இருந்தது. நான் தொடவில்லை. அவர் என்ன ஆனாரோ என்றிருக்கும்போது அவருடைய மருந்தை எடுத்து எப்படி விழுங்குவது? உள்ளங்கால் எரிந்தது, நாக்கு வறண்டது, எரியட்டும் என்று விட்டேன். புத்திகெட்ட வேலைதான்.

சனிக்கிழமை கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவர் நடந்து வந்தார். உயிரோடு வந்தார் என்பதே போதுமாக இருந்தது. சுற்றிலும் எல்லோரும் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் கத்தினேன்.

“தலை சுத்துதா? வேர்க்குதா?”

“இல்ல புள்ள. நல்லாத்தான் இருக்கேன்.”

“ராவைக்குக் குடுக்குறதையும் முழுங்குறீங்களா?”

“ம்” என்று சொல்லி வேறு பக்கம் பார்த்தார். இந்த மனுஷனுக்குப் பொய் சொல்லவும் வராது. மேலே கேட்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. வெளியே வந்தவளை ஒரு காவலர் கூப்பிட்டு ஆபீசுக்குப் போகச் சொன்னார்.

நர்ஸ் மாத்தியா மேசைமேல் ஒரு பொலித்தீன் முடிச்சை அவிழ்த்தார். உள்ளே மாத்திரை. காலையில் சோதனை போட்டபோது அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்து மடிப்பில் இருந்ததாம்.

“எதுக்கு சேக்குறதுன்னு கேட்டேன். வாய் தொறக்குறது இல்ல. எல்லாம் ஒரே தரமா குடிச்சு சாகப் பாக்குறதா? ஜெய்லர் மாத்தியாவும் கேக்குறார். நீங்க சொல்லுங்க.”

அந்த முடிச்சு யாருக்கு என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. தவளையாவது பாம்பாவது! எல்லாவற்றையும் கொட்டினேன். தமிழில் பாதி, சிங்களத்தில் பாதி. காலை அவருக்கு, இரவு எனக்கு. கொப்பி இங்கே வந்துவிட்டதால் வெளியே எனக்கு மாத்திரை தீர்ந்துபோகும் என்று சேர்த்து வைத்திருக்கிறார், வேறொன்றும் இல்லை. எங்களைக் கிளினிக்கில் காட்டிக்கொடுக்காதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. பையிலிருந்து சின்ன மெஷினை எடுத்து, “கை குடுங்க” என்றார். விரலில் குத்தினார். மெஷினைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். “அம்மே!” என்றார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, அப்போதுதான் திட்டினார். உள்ளே இருப்பவனுக்கு நான் இருக்கிறேன், வெளியே உன்னை யார் பார்ப்பது என்று சிங்களத்தில் கத்தினார். புருஷனுக்காக இரண்டு நாள் லீவு கேட்க எனக்கு வாய் வந்தது. எனக்காக மூன்று வருஷத்தில் ஒரு நாள் கேட்க வரவில்லை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

ஜெய்லரிடம் அவரே பேசி முடித்தார். என் வீட்டுக்காரரையும் சோதித்துப் பார்த்து அவருடைய மாத்திரையின் அளவையும் குறைத்தார். கிளினிக்குக்கு என் பெயரில் ஒரு கடிதம் எழுதித் தந்தார். அன்று புதிதாக வந்திருந்த கைதி ஒருவரை அங்கேயே கூப்பிட்டு, “கொப்பியில இருக்குறது நான் பாக்குறேன். வீட்டுல நீங்க எத்தனை குடிக்குறது? வேற யார் குடிக்குறது?” என்று கேட்டார். அந்த ஆள் தலையைச் சொறிந்தபடி, “அம்மாவும் கொஞ்சம் குடிப்பாங்க” என்றார்.

நான் போகுமுன் என் வீட்டுக்காரரை ஆபீஸ் வாசலுக்கு அழைத்து வந்து ஒரு நிமிஷம் பேசவிட்டார்கள்.

“இனிமே ரெண்டு வேளையும் முழுங்கணும்” என்றேன். “எனக்குத் தனிக் கொப்பி போட்டாச்சு.”

வாயில் வந்த பொய். கடிதம் மட்டும்தான் என் கையில் இருந்தது.

“எங்க, காட்டு.”

“வீட்டுல இருக்கு.”

என் முகத்தையே பார்த்தார். எனக்கும் பொய் சொல்ல வராது என்று அவருக்குத் தெரியும்.

“அடுத்த தடவ கொண்டு வந்து காட்டு. அதுவரைக்கும் ராத்திரி மாத்திரைய முழுங்க மாட்டேன்.”

“நர்ஸ் மாத்தியா முன்னால நின்னு குடுப்பாராம் இனிமே!”

“குடுக்கட்டும். நாக்குக்கு அடியில வச்சித் துப்பத் தெரியாதா எனக்கு?”

செய்யக்கூடிய ஆள். திங்கட்கிழமை தோட்டத்து ஆபீசுக்குப் போய், நாளைக்குச் செவ்வாய்க்கிழமை, பிள்ளைக் காம்பராவுக்கு வேறு யாரையாவது பாருங்கள் என்று தோட்டத்துத் தொரையிடம் சொன்னேன். எதற்கு, புருஷனைப் பார்க்கவா என்று கேட்டார்.

“இல்லீங்க. எனக்குத்தான்” என்றேன்.